பாரம்பரிய ஆராய்ச்சியும் பொதுமக்கள் அறிவும்: ஹைதராபாத் மையத்தின் பணி

ஹைதராபாத் நகரின் தென்கிழக்குக் கோடியிலுள்ள காஞ்சன்பாக், தேசப் பாதுகாப்பு ஆராய்ச்சிசாலைகள் நிறைந்த பகுதியாகும். ஏவுகணைகளை வகுத்தமைக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சிக்கூடம், பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம், 1973-இல் நிறுவப்பெற்ற மிஸ்ர தாது நிகம் என்னும் சிறப்பு உலோகத் தொழிற்சாலை முதலியன அங்கு அமைந்துள்ளன. நீண்ட மதில்களும் காவலர் நிற்கும் வாயில்களும் அப்பகுதியின் அடையாளங்கள். அனுமதிச் சீட்டின்றி எவரும் உட்புக இயலாது. அவ்வாறு இருப்பதே முறையும் ஆகும்.

எனினும் ஏவுகணைக்கென உருவான அறிவு மதிலைக் கடந்து மக்களிடம் வந்த சந்தர்ப்பமும் உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், போலியோ நோயால் கால் சூம்பிய குழந்தைகள் சுமார் 3 கிலோகிராம் எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்து வந்தனர். டாக்டர் அப்துல் கலாமும் அவருடைய குழுவினரும், ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு சுமார் 300 கிராம் எடையில் அத்தாங்கிகளைச் செய்து கொடுத்தனர். அதை அணிந்து ஓடிய குழந்தை, கூட்டுப்பொருளின் இரசாயனத்தை அறிந்திருக்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை. காலில் பொருந்தினால் போதுமானது.

பாரம்பரியவியலின் நிலை வேறு. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் குணங்களையும் குறைபாடுகளையும் ஆராயும் இத்துறையில், ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்படும் உண்மையைச் சம்பந்தப்பட்ட மனிதர் புரிந்துகொண்டாலன்றி அது பயன் தருவதில்லை. திருமணம் பேசும் பெற்றோர், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், சாட்சியத்தை எடைபோடும் நீதிபதி ஆகியோருக்கு விளங்காத வரையில், பாரம்பரிய ஆராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காயே. இதற்குச் சான்றாக விளங்குவது, காஞ்சன்பாக்கிற்கு வடக்கே, உப்பல் சாலையில் ஹப்சிகுடாவில் அமைந்துள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம். சி.சி.எம்.பி. என்ற சுருக்கப் பெயரால் இது வழங்கப்படுகிறது.

மையத்தின் தோற்றம்

விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வட்டார ஆராய்ச்சிக்கூடம் ஒன்று ஹைதராபாத்தில் முன்னரே இயங்கி வந்தது. அதன் உயிர் இரசாயனப் பிரிவே 1977, ஏப்ரல் 1 அன்று பாதி தன்னாட்சி பெற்ற தனி மையமாக்கப்பட்டது. டாக்டர் புஷ்ப மித்ர பார்கவா அதன் ஸ்தாபக இயக்குநர். பத்தாண்டுகள் கழித்துப் புதிய கட்டடங்கள் எழும்பின. 1987, நவம்பர் 26 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

பார்கவா (1928–2017) ஆய்வுக்கூடத்தோடு நின்றவர் அல்லர். விஞ்ஞான மனப்பான்மை பொதுமக்களிடம் பரவவேண்டும் என்பதற்காக 1960-களிலிருந்தே ஓயாது வாதாடியவர். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் அடிப்படைக் கடமை எனப் பிரகடனம் செய்தது. ஓராண்டுக்குள் பிறந்த இம்மையத்தில் அந்நோக்கத்தின் சாயல் படிந்திருப்பது இயல்பே. அதன் சுவர்களில் எம். எஃப். ஹுசைன் போன்ற ஓவியர்களின் படைப்புகளைக் காணலாம்; ஓவியத்திற்கும் உயிரியலுக்கும் என்ன சம்பந்தம் என்று வியந்தவர்கள் அந்நாளில் இல்லாமல் போகவில்லை. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி மையத்தின் கதவுகள் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படுகின்றன. அன்று விஞ்ஞானிகளே தங்கள் மேசைகளின் பக்கத்தில் நின்று, நுண்ணோக்கிகளையும் பரிசோதனைகளையும் காட்டி, வருவோரின் கேள்விகளுக்கு விடை கூறுகின்றனர்.

அவ்விடைகள் விளங்குவதற்குச் சில அடிப்படைச் செய்திகளை அறிதல் வேண்டும்.

ஜீன் என்பது யாது?

மனித உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களின் உட்கருவிலும் 23 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வந்தவை. குரோமோசோமில் சுருண்டு கிடக்கும் நீண்ட இழையே டி.என்.ஏ. அதில் நான்கே நான்கு இரசாயன எழுத்துகள் மாறி மாறி வரிசையாக அமைந்துள்ளன. தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ வரும் ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் அடங்கும். இவ்வெழுத்து வரிசையில், ஒரு புரதத்தைச் செய்யும் முறையைக் கூறும் பகுதியை ஜீன் என்கிறோம். மனிதனிடம் இத்தகைய ஜீன்கள் சுமார் 20,000 உள்ளன.

ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதிகள் இருப்பது இயற்கையின் முன்னேற்பாடு எனலாம். ஒரு பிரதியில் பிழை நேர்ந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அத்தகையவர் நோயின்றி நலமாக வாழ்வார். பிழையை மட்டும் உள்ளே சுமந்திருப்பார். இவரைத் ‘தாங்கி’ என்பர். தாங்கிகளான இருவர் மணந்துகொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இரு பிழைப் பிரதிகளையும் பெற்று நோயுறும் வாய்ப்பு 4-இல் 1. தாங்கியாகும் வாய்ப்பு 4-இல் 2. பிழையே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 4-இல் 1.

இக்கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். முதற் குழந்தை நோயுற்றதாயின், அடுத்த மூன்றும் நலமாயிருக்கும் என்று எண்ணுவது பிழை. சோழி உருட்டுகையில் முன் விழுந்தது பின் விழுவதைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இந்த ஒரு செய்தியைப் பெற்றோர் உள்ளத்தில் பதியவைப்பதற்கே பாரம்பரிய ஆலோசகர் பல வேளைகளில் ஒரு மணி நேரம் செலவிட நேர்கிறது.

தென்னாட்டில் உறவுமுறைத் திருமணம் வழக்கமாதலின், அதைப் பற்றியும் ஒரு சொல். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களின் குழந்தைக்கு, குறிப்பிட்ட ஒரு ஜீனின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்தனவாய் இருக்கும் வாய்ப்பு 16-இல் 1. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் அது 8-இல் 1 ஆக உயர்கிறது. உறவில் மணந்தவர்க்கெல்லாம் ஊனக் குழந்தை பிறக்கும் என்பதும் தவறு. உறவுத் திருமணத்தால் கெடுதல் ஒன்றுமில்லை என்பதும் தவறு. உறவே இல்லாத இடத்தில் பெண் எடுத்தால் அபாயம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. இதை உணர்த்திய ஆராய்ச்சியில் ஹைதராபாத் மையத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு நொதியின் கதை

அறுவைச் சிகிச்சைக்கு முன், மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்துவதற்காக நோயாளியின் தசைகளைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. இதற்கு நெடுங்காலமாக உபயோகிக்கப்படும் மருந்து சக்ஸமெத்தோனியம். அவசரச் சிகிச்சையிலும், மனநோய்க்குரிய மின் அதிர்ச்சிச் சிகிச்சையிலும் இது விரும்பப்படுவதற்குக் காரணம், இதன் வேகமே. ஒரு நிமிடத்திற்குள் தசைகள் தளர்கின்றன. சில நிமிடங்களில் மருந்தின் சக்தி தானே மறைந்து நோயாளி மீண்டும் மூச்சு விடுகிறார். மருந்தை இவ்வளவு விரைவாகச் சிதைப்பது இரத்தத்திலுள்ள பியூட்டிரில் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி.

சிலரிடம் இந்நொதி பிறவியிலேயே இல்லை, அல்லது செயலற்றிருக்கிறது. அன்றாட வாழ்வில் அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் தோன்றாது. உண்பர், உழைப்பர், முதுமை எய்துவர். ஆனால் சக்ஸமெத்தோனியம் கொடுக்கப்பட்டால், சில நிமிடங்களில் மீளவேண்டிய தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். மூச்சுத் தசைகளும் அவற்றுள் அடங்கும். மயக்கம் தெளிந்து நினைவு திரும்பிய பின்னும் விரலைக்கூட அசைக்க இயலாமல் நோயாளி கிடக்க நேரிடலாம். செயற்கைச் சுவாசக் கருவியும் பொறுமையும் உள்ள ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்துக்கொள்வார். அவ்வசதி இல்லாத இடத்தில் விளைவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

2006-இல் கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அயல்நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, வைசிய சமூகத்தாரிடம் இந்நொதியின் ஜீனில் காணப்படும் ஒரு பிழையைப் பிரசுரித்தனர். நொதியின் 307-ஆவது இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாகப் புரோலின் அமர்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றமே நொதியைச் செயலிழக்கச் செய்யப் போதுமானதாயிற்று. இக்குறைபாடு மற்ற மக்களைக் காட்டிலும் வைசியரிடம் சுமார் 100 மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்விஷயத்தில் நிவாரணம் மிக எளிது. மருந்தை மாற்றினால் போதும். தசையைத் தளர்த்தும் வேறு மருந்துகள் உள்ளன. அதற்குப் பெருஞ் செலவோ புதிய கருவியோ தேவையில்லை. மயக்க மருந்து வைத்தியர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். நோயாளியோ அவர் குடும்பத்தாரோ அதற்கு விடை கூறும் அளவுக்கு விஷயம் அறிந்திருக்கவேண்டும். ஆராய்ச்சி செய்யவேண்டியது முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது மக்கள் கல்வி ஒன்றே.

ஏரியும் மீன்களும்

ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் மட்டும் ஒரு பிழை ஏன் மிகுதியாயிற்று? ஓர் உவமையால் இதை விளக்கலாம். கடுங்கோடையில் ஏரி வற்றி, நடுவிலுள்ள குட்டையில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் மட்டும் தப்பின எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்றின் துடுப்பில் ஒரு விசேஷ மறு இருந்தது. மழை பெய்து ஏரி நிரம்பியதும், எல்லா மீன்களும் அப்பத்துப் பன்னிரண்டின் சந்ததிகளாகவே இருக்கும். முன்னர் ஆயிரத்தில் ஒன்றாயிருந்த மறு, இப்போது பன்னிரண்டில் ஒன்றாகிவிடும். புதிய மீன்கள் வேற்றேரியிலிருந்து வந்து கலக்குமானால் அது மெல்லக் குறையும். கரையை உயர்த்தி அடைத்துவிட்டாலோ, மறு அங்கேயே நிலைத்துவிடும்.

இந்தியச் சமூகங்கள் பலவற்றின் வரலாறு இவ்வேரியின் வரலாற்றை ஒத்தது. சில மூதாதையரிடமிருந்து பெருகி, பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்து வந்தவை அவை. இதற்கு ‘ஸ்தாபகர் விளைவு’ என்று பெயர். 2009-இல் ஹைதராபாத் மையத்தாரும் அமெரிக்காவின் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் கூட்டாகச் செய்து வெளியிட்ட ஆராய்ச்சியில், 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் டி.என்.ஏ. பரிசீலிக்கப்பட்டது. டாக்டர் லால்ஜி சிங், டாக்டர் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் மையத்தின் சார்பில் அதில் முக்கிய பங்கு வகித்தனர். பின்னர் 2017-இல் தங்கராஜும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விரிவானது. தெற்காசியாவின் 275-க்கும் மேற்பட்ட சமூகங்களிலிருந்து 2,800-க்கும் அதிகமானோர் அதில் இடம்பெற்றனர். ஸ்தாபகர் விளைவுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் வழக்கமாகக் கூறப்படுவோர் பின்லாந்து மக்களும் அஷ்கெனாசி யூதர்களும் ஆவர். ஒப்பிட்டுப் பார்த்த 263 சமூகங்களில் 81, அவ்விரு மக்களைக் காட்டிலும் வலுவான ஸ்தாபகர் விளைவுக்கு ஆளானவை என்பது தெரியவந்தது. அவற்றுள் 14 சமூகங்கள் ஒவ்வொன்றும் 10 இலட்சத்திற்கு மேற்பட்ட ஜனத்தொகை உடையவை.

ஏழு தலைமுறை உறவு பார்த்து, கோத்திரம் பார்த்து, தூர தேசத்தில் சம்பந்தம் செய்தாலும், இரு வீட்டாரும் ஒரே ஏரியின் மீன்களாயிருப்பின் ஒரே பிழையைச் சுமந்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இத்தகைய கண்டுபிடிப்புகளைக் கேள்விப்படுவோர் சிலர், ஒரு சமூகம் குறையுடையது, மற்றொன்று குறையற்றது என்று பேசத் தலைப்படுகின்றனர். இது விஞ்ஞானத்திற்கு முற்றிலும் புறம்பானது. பிழையே சுமக்காத மனிதர் உலகில் எவரும் இலர். ஓர் ஏரியில் துடுப்பில் மறு என்றால், அடுத்த ஏரியில் வாலில் மறு. ஒரு சமூகத்தின் பிழை அச்சில் வந்துவிட்டது, மற்றவற்றினுடையது இன்னும் வரவில்லை என்பதே வேறுபாடு. தவிரவும், 2009 ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது: ஆராயப்பட்ட இந்தியச் சமூகங்களுள் மிகப் பெரும்பாலானவை, பண்டைக்காலத்தில் வேறுபட்டு நின்ற இரு மக்கட் கூட்டங்கள் வெவ்வேறு விகிதங்களில் கலந்து உண்டானவை. கலப்பற்ற இரத்தம் என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

இருபத்தைந்து எழுத்துகள்

நொதியின் கதை எளிதாக முடிந்தது. எல்லாக் கண்டுபிடிப்புகளும் அவ்வாறு முடிவதில்லை. இதயத் தசையின் சுருங்கும் இயக்கத்திற்குத் துணைபுரியும் ஒரு புரதத்தின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன பிழையொன்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெ. ச. தண்டபாணி, ஹைதராபாத் மையத்தின் தங்கராஜ் முதலியோரின் கூட்டு முயற்சியால் விரிவாக ஆராயப்பட்டு 2009-இல் வெளியாயிற்று. இப்பிழை சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகக் கணக்கிட்டனர். தெற்காசிய மக்களில் ஏறக்குறைய 4 சதவீதத்தினரிடம், அதாவது 25 பேரில் ஒருவரிடம் இது உள்ளது. எந்தத் தனிச் சமூகத்திற்கும் உரியதாக இல்லாமல் நாடெங்கும் பரவியிருக்கிறது.

இதன் ஒரே பிரதியை உடையவர்கள் இளமையில் நலமாகவே இருக்கின்றனர். நடுவயதுக்குப் பின் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு அவர்களிடம் பல மடங்கு அதிகம். மக்களைப் பெற்று வளர்த்த பின்னரே நோய் தோன்றுவதால், அப்பிழை சந்ததியிலிருந்து களையப்படாமல் இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

இச்செய்தியைப் பொதுமக்களுக்கு எவ்வாறு கூறுவது? பிழை உள்ளவருக்கெல்லாம் இதய நோய் வரும் எனில் அது பொய். பலர் நோயின்றியே முதுமையை அடைகின்றனர். கவலைப்பட வேண்டியதில்லை எனில் அதுவும் பொய். குடும்பத்தில் இதயத் தசை நோயால் இளவயதிலோ நடுவயதிலோ இறந்தவர் உண்டா என்று பார்ப்பதும், உண்டெனில் இதயத்தை ஒலியலைப் படம் எடுத்துக் காலந்தோறும் பரிசோதித்துக்கொள்வதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் தகும். பொத்தாம் பொதுவில் அபாயம் என்ற சொல்லை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு, அதன் அளவைக் கூறாமல் விடும் பத்திரிகைச் செய்தி, செய்தியே வராதிருப்பதைக் காட்டிலும் மிகுந்த தீங்கு செய்யும்.

பாம்பும் நீதிமன்றமும்

மையத்தின் பெயரை நாட்டில் பாமரரும் அறியச் செய்தது, டி.என்.ஏ. ரேகை முறை. அதன் மூலம் வியப்பானது. உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த லால்ஜி சிங் (1947–2017), மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒருவகைக் கட்டுவிரியனின் பால் நிர்ணயக் குரோமோசோமை ஆராய்ந்து வந்தார். அதில் திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்து வரிசையொன்றைப் பிரித்தெடுத்தார். அதே வரிசை பாம்பில் மட்டுமின்றிப் பறவையிலும் பாலூட்டிகளிலும் மனிதனிலும் இருந்தது. மனித டி.என்.ஏ.-வைத் துண்டாக்கி இவ்வரிசையைக் கொண்டு தடவிப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் வேறுபடும் பட்டைக் கோலம் கிடைத்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரைத் தவிர்த்து எவ்விருவர் கோலமும் ஒத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் வேறு வழியில் இதே இடத்தை அடைந்திருந்தார். எடின்பரோவிலிருந்து 1987-இல் ஹைதராபாத் திரும்பிய லால்ஜி சிங், உள்நாட்டிலேயே அம்முறையை உருவாக்கினார்.

கருவி தயாராகிவிட்டது, கேட்பவர் யார்? கேரளத்தின் தலசேரியில், ஒரு குழந்தையின் தந்தை யார் என்பது குறித்த வழக்கில், 1989-இல் நீதிமன்றம் இச்சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இதுவே முதல். பாம்பு, பட்டை, நிகழ்தகவு என்று விஞ்ஞானி விளக்குவதைக் கேட்டு, குறுக்கு விசாரணையையும் கேட்டு, நம்பத்தக்கதா எனத் தீர்மானித்த மாஜிஸ்டிரேட்டும் ஒரு வகையில் இம்மையத்தின் மாணவரே. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டபோது, சிதறிய உடற்பகுதிகள் எவருடையவை என நிர்ணயிக்கும் பணி, நான்காண்டுகளுக்கு முன் அவரே திறந்துவைத்த மையத்திடம் வந்தது.

வழக்குகள் பெருகவே, 1996-இல் டி.என்.ஏ. ரேகைக்கும் நோய் நிர்ணயத்திற்குமெனத் தனி மையம் ஹைதராபாத்திலேயே ஏற்படுத்தப்பட்டது. இரத்தக் கறை படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையிலிட்டு அனுப்பினால் டி.என்.ஏ. அழுகிவிடும் என்பதைப் போலீஸ் அதிகாரி அறியாதவரை, மிகச் சிறந்த ஆய்வுக்கூடமும் கைகட்டி நிற்கவேண்டியதே. வன விலங்குகளுக்கும் இம்முறை பயன்பட்டது. கைப்பற்றிய இறைச்சி எந்த விலங்கினுடையது என்பதை அறிய உலகப் பொதுவான ஒரு டி.என்.ஏ. சோதனை இங்கு உருவாயிற்று. அழியும் உயிரினங்களைக் காப்பதற்கான கிளை ஆய்வுக்கூடம் 2007-இல் அத்தாப்பூரில் திறக்கப்பட்டது.

அறிந்துகொள்ளும் உரிமை

இவ்வாராய்ச்சிகள் யாவும் மக்கள் கொடுத்த இரத்தத் துளிகளால் நடந்தவை. ஆகவே ஏன் எடுக்கிறீர்கள், எதற்கு உபயோகிப்பீர்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், தகவல் அறிந்த சம்மதமின்றி மாதிரி எடுத்தலாகாது என வலியுறுத்துகின்றன. கைநாட்டு வாங்குவது சம்மதமாகாது. விளங்கச் சொல்லி, வேண்டாம் என்று கூறவும் இடம் கொடுத்த பின் பெறுவதே சம்மதம்.

அறிவு துஷ்பிரயோகமாவதும் உண்டு. கருவிலுள்ள குழந்தையின் நோயறிய வந்த முறைகள், பெண் சிசுக்களை அழிக்கப் பயன்பட்டதால் 1994-இல் சட்டமியற்றிக் கருவின் பாலினம் அறிவிப்பதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சட்டத்தில் குறித்த பாரம்பரிய நோய்களுக்காக மட்டுமே கருவைச் சோதிக்க இயலும்.

மக்கள் கல்வியால் என்ன சாதிக்கலாம் என்பதற்குச் சைப்ரஸ் தீவு சான்று. அங்கு ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் தலசீமியா என்னும் இரத்தச் சோகை நோயின் தாங்கி. இந்நோயுற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தீவின் இரத்த வங்கிகள் தாங்கவில்லை. 1970-களில் பிரசாரமும் இரத்தச் சோதனையும் தொடங்கின. பின்னர் மாதா கோவிலில் மணம் முடிப்பதற்குச் சோதனைச் சான்றிதழ் தேவை என்ற ஏற்பாடு வந்தது. அச்சான்றிதழ், இருவரும் சோதித்துக்கொண்டு ஆலோசனை பெற்றனர் என்பதை மட்டும் கூறும். முடிவு என்ன என்று கூறாது. மணக்கக்கூடாது என்றும் தடுக்காது. சில ஆண்டுகளிலேயே நோயுற்ற குழந்தைகள் பிறப்பது ஏறத்தாழ நின்றுவிட்டது.

ஆராய்ச்சி, சிகிச்சை, கண்காட்சி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்த நகரம் இங்கிலாந்தின் நியூகாசில். பழைய மாட்டுச் சந்தை இருந்த இடத்தில் 2000-இல் திறக்கப்பட்ட உயிர் மையத்தில், பாரம்பரிய ஆராய்ச்சியாளரும், குழந்தைப் பேற்றுச் சிகிச்சை நிலையமும், பள்ளிச் சிறுவர்கள் விளையாடிக் கற்கும் விஞ்ஞானக் கூடமும் அண்டை வீட்டார். தாயின் உயிரணுச் சக்தி உறுப்புகளிலுள்ள நோய் குழந்தைக்குச் செல்லாமல், மற்றொரு பெண்ணின் கருமுட்டையின் உதவியால் தடுக்கும் முறை நியூகாசிலில் உருவானது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 2015-இல் அதற்கு அனுமதி தருமுன் பல ஆண்டுகள் பகிரங்க விவாதம் நடந்தது. அம்முறையில் 8 குழந்தைகள் பிறந்த செய்தி 2025-இல் வெளியாயிற்று.

ஹைதராபாத்தில் இவை ஒரே கூரையின்கீழ் இல்லை. நகரெங்கும் பரவிக் கிடக்கின்றன. ஹப்சிகுடாவில் ஆராய்ச்சி, உப்பலில் டி.என்.ஏ. ரேகை மையம், பேகம்பேட்டையில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பாரம்பரியவியல் கழகமும் அதனோடு இணைந்த ஆஸ்பத்திரியும், பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பாரம்பரிய மருத்துவப் பிரிவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைவது நோயாளிக்குச் சிரமமே. ஆனால் வெளியூரிலிருந்து வருவோர் ஆயத்தமாக வந்தால் அலைச்சல் பாதியாகும்.

ஆலோசகர் முதலில் கேட்பது குடும்ப மரம். மூன்று தலைமுறைகளேனும் அதில் இருக்கவேண்டும். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணைப்பர். அவர்கள் உறவினராயின் இரட்டைக் கோடு இடுவர். நோயுற்றவரின் குறியை முழுதும் கருமையாக்குவர். இறந்தவர் குறியின்மேல் சாய்கோடு வரைவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திரும்பத் தாமதித்தவர் எவரேனும் உண்டா, திடீரென இதயம் நின்று இறந்தவர் உண்டா, கருச்சிதைவுகள் எத்தனை என்பனவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருதல் நலம். பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளையும் விடாமல் குறிக்கவேண்டும். பல குடும்பங்களில் அக்குழந்தைகளைப் பற்றிப் பேசுவதில்லை, பெயரும் வைத்திருக்கமாட்டார்கள். ஆலோசகர் அம்மரத்தில் முதலில் தேடுவது பெரும்பாலும் அவர்களையே.